கணு

பத்து ரூபாய்க் கட்டில்
இலையெல்லாம் சட்னிக்குப் போனபின்
மிஞ்சிய காம்புகளில் ஆறைப் பொறுக்கிக்
கண்ணாடித் தம்ளரில் நிற்க வைத்தேன்.
நான்கு தேறின.
ஒன்பதாம் நாள் கணுவுக்குக் கணு
வெள்ளை நூல்.

அன்டாப் ஹில், சி பிளாக், நான்காம் மாடி.
ஐந்து பத்துக்குக் குழாயில் தண்ணீர் வரும்,
ஐந்து ஐம்பதுக்குத்
தொண்டையைக் கனைத்துவிட்டுப் போகும்.
அதற்குள் நீல டிரம், இரண்டு வாளி, பெரிய குக்கர்,
மூடி தொலைந்த ஃபிளாஸ்க்.
வரிசையில் புதினா கடைசி.
அரிசி கழுவிய தண்ணீர்தான் அதற்கு.

பெயிண்ட் டப்பாவின் அடியில்
ஸ்க்ரூடிரைவரைக் காய்ச்சி ஏழு ஓட்டை போட்டேன்.
இரண்டு நாள் முடியெல்லாம் பிளாஸ்டிக் நாற்றம்.
வடாலாவில் நான் லாரி பில் போடும் மேசைக்குப்
பக்கத்து மேசை ரஹ்மத்துல்லா கேட்டான்:
"எங்கக்கா தீப்பிடிச்சது?"

காலையில் ஊற்றுவேன்.
வேலை விட்டு வந்து ஊற்றுவேன்.
அண்ணன் போன் பண்ணி வைத்தபின்
கட்டாயம் ஊற்றுவேன்.
நான்கில் இரண்டு அப்படித்தான் செத்தன.
பிடுங்கிப் பார்த்தால் வேர்
வடிகட்டியில் மறந்த டீத்தூள்போல் கறுப்பு.
தாகத்தால் அல்ல,
கவனிப்பு தாங்காமல்.

இப்போதெல்லாம் மண்ணுக்குள் விரலை விடுகிறேன்.
இரண்டாம் கணு வரை ஈரமென்றால்
சொம்பைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்துவிடுவேன்.
என் விரலிலும் கணு, அதன் தண்டிலும் கணு.
அளக்கிறதும் அளக்கப்படுவதும்
ஒரே சொல்லில் மடங்குகிற இடம்.
நகக்கண்ணில் மண்ணோடு
பில்லில் கையெழுத்துப் போடுகிறேன்.

மூன்றாம் மாடி ஷுபாங்கி பரப்
என் ஏழு ஓட்டைக்கும் நேர்க்கீழே
துணி காயப்போடுவாள்.
ரயிலில் டிக்கெட் பார்க்கிற அவள் கணவனின்
வெள்ளைச் சட்டைத் தோளில்
செம்மண் சொட்டு இரண்டு.
நான் மராத்தியில் மன்னிப்புக் கேட்டேன்.
அவள் இந்தியில் திட்டினாள்,
எனக்கு நன்றாகப் புரியட்டும் என்று.
மறுநாள் சொசைட்டி நோட்டீஸ் பலகையில்
கிரில்லில் செடி வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை.
என் வீட்டு எண்ணைத் தவிர
மற்ற எல்லாமும் நானேதான்.

டப்பாவுக்கு அடியில்
கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் தாம்பாளம் வைத்தேன்.
(தாம்பாளம் மட்டும் மிச்சம். அது வேறு கதை.)
ஐந்தாம் நாள் அதில் கொசுப்புழு.
மாநகராட்சிக்காரர் டார்ச் அடித்துப் பார்த்து
அபராதம் என்றார்.
பிறகு, "வீட்டில் டீக்குப் போடுவோம்" என்று
ஒரு கொத்துக் கிள்ளிக்கொண்டு போனார்.

ஜூனில் மழை பிடித்தது.
சொட்டு யாருடையது என்று
யாராலும் சொல்ல முடியாத மாதங்கள்.
செடிக்கு நான் தேவைப்படவில்லை.
கம்பிக்கு வெளியே தண்டு ஒன்று நீண்டு
படியிறங்குவதுபோல் கீழே போனது.
கிள்ள மறந்துவிட்டேன்.
மறக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஆகஸ்டில் அவள் கிரில்லின் மேல்கம்பியை
அது தொட்டுவிட்டது.

ஒரு ஞாயிறு எட்டிப் பார்த்தேன்:
நுனி இல்லை.
கத்தரி வெட்டில்லை, நகத்தால் கிள்ளியது.
சரியாகக் கணுவுக்கு மேலே.
அங்கே கிள்ளினால்தான்
இரண்டாகக் கிளைக்கும் என்று தெரிந்த நகம்.
பக்கத்தில் பழைய கிள்ளல் ஒன்று,
ஏற்கெனவே கிளைத்துவிட்டது.

மாடிப்படியில் எதிரே வந்தாள்,
தோளில் காயாத துணி.
"தண்ணி இன்னும் சொட்டுது" என்றாள்.
"மழை" என்றேன்.
"மழைதானா" என்றாள்.

அவள் போனபின்னும் படியில் கொஞ்ச நேரம்
புதினா வாசனை நின்றது.
என் விரலை மோந்து பார்த்தேன்.
பினாயில்.